உங்களுக்குத் தெரியுமா? – மேல்காதில் குத்திய இடம் பழுத்தால்...

★ ஒரு நிமிடம் உங்கள் காதை விரலால் பிடித்துப் பாருங்கள். தோடு போடுகிற கீழ்ப்பகுதி, அதாவது சோணை, மெத்தென்று இருக்கும். அங்கிருந்து விளிம்போடு விரலை மேலே நகர்த்துங்கள். ஓரிடத்தில் சட்டென்று விறைப்பு தட்டுப்படும். குருத்தெலும்பு அங்கேதான் தொடங்குகிறது. மேல்காதை முன்பக்கம் மடக்கி விட்டால் துள்ளிக்கொண்டு பழையபடி நிற்பது அதனால்தான். இந்த எல்லைக்குக் கீழே குத்திய புண் வேறு, மேலே குத்திய புண் வேறு. கீழே பலித்த கைவைத்தியம் மேலே பலிக்காது. இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் ஆசையாக மேல்காதில் இரண்டாவது, மூன்றாவது கம்மல் குத்திக்கொள்கிறார்கள். வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சோணைக்கான வைத்தியம். சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

★ குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயே கிடையாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறைதான் அதற்குச் சோறு போடுகிறது. உறையில் ஓடும் ரத்தத்திலிருந்து ஊட்டம் கசிந்து குருத்துக்குள் போகிறது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் சரி, நாம் விழுங்கும் மாத்திரையின் மருந்தும் சரி, இந்தச் சுற்று வழியில்தான் போய்ச் சேரவேண்டும். சோணையில் அப்படியில்லை. அங்கே கொழுப்பும் நார்த்திசுவும் ரத்த ஓட்டமும் இருக்கின்றன. அதனால்தான் சோணைப் புண் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிட, மேல்காதுப் புண் முழுதாக ஆற 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகிறது.

★ சீழ் சேரும்போது அது உறையையும் குருத்தையும் பிரித்துவிடுகிறது. சுவரில் ஈரம் இறங்கினால் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு வருமே, அதுபோல. உறை பிரிந்த இடத்தில் குருத்து பட்டினி கிடந்து சாகிறது. செத்த குருத்து திரும்ப முளைக்காது. காது சுருங்கி, முண்டும் முடிச்சுமாக மாறிவிடும். மல்யுத்த வீரர்கள் சிலரின் காதைப் பார்த்திருப்பீர்கள், காலிஃபிளவர் போல இருக்கும். அவர்களுக்கு அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டுவதால் அப்படி ஆகிறது. இங்கே ரத்தத்துக்குப் பதில் சீழ், முடிவு ஒன்றுதான். உருக்குலைந்த காதைத் திரும்பச் செய்ய, விலா எலும்பின் முனையிலுள்ள குருத்தை வெட்டியெடுத்துச் செதுக்கி வைக்கிறார்கள் ஒட்டுறுப்பு அறுவை நிபுணர்கள். ஒரு சின்னக் கம்மலுக்காக விலாவைக் கீறவேண்டிய நிலைமை நம் பிள்ளைகளுக்கு வரவே கூடாது.

★ அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு நடந்தது இது. ஒரே கடையில் 118 பேர் 186 இடங்களில் குத்திக்கொண்டார்கள். அவர்களில் 7 பேருக்குக் கிருமித்தொற்று உறுதியானது. இன்னும் 18 பேருக்குச் சந்தேகத்துக்குரிய தொற்று. உறுதியான 7 பேரும் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகள். ஏழு பேருக்குமே குத்தியது மேல்காதில். நான்கு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், நான்கு பேருக்குக் கீறிச் சீழ் எடுக்க நேர்ந்தது. சிலருக்குக் காதின் அழகே போயிற்று. கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடிய சுகாதாரத் துறையினருக்குக் கிடைத்த விடைதான் கலங்க வைக்கிறது. கிருமிநாசினி வைத்திருந்த பாட்டிலுக்குள்ளேயே கிருமி வளர்ந்திருந்தது! கை கழுவும் தொட்டியிலும் அதே கிருமி. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது விரிவாக வெளியானது. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அதில் வரும் இன்னொரு விவரத்தை: அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுத்த மாத்திரை, அந்தக் கிருமியை ஒன்றுமே செய்யாத மாத்திரை.

★ அந்தக் கிருமியின் பெயர் சூடோமோனாஸ் எருஜினோசா. செம்புப் பாத்திரத்தில் ஏறும் பச்சைக் களிம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அது உண்டாக்கும் சீழ் பல நேரம் பச்சை நிறம் காட்டும், ஒருவித இனிப்பு வாடையும் வரும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே அது வாழும். சோணைப் புண்ணில் வழக்கமாக வருவது ஸ்டஃபிலோகாக்கஸ். மேல்காதில் அதுவும் வரலாம், ஆனால் சூடோமோனாஸ்தான் அங்கே முதல் சந்தேகம். சாதாரண அமாக்ஸிசிலின் மாத்திரைக்கு இது மசியாது. போன மாதம் தொண்டை வலிக்கு வாங்கி மிச்சம் வைத்த மாத்திரையைக் காதுக்கு விழுங்குவதில் பயனில்லை என்பது இதனால்தான். அது வெறும் வீண் மட்டுமல்ல. மருந்து சாப்பிடுகிறோமே என்ற தெம்பில் இரண்டு மூன்று நாள் ஓடிப்போகும். அந்த இரண்டு மூன்று நாள்தான் காதுக்கு விலை.

★ மருத்துவர்கள் கவனிக்கும் ஓர் அடையாளத்தை நீங்களும் கவனிக்கலாம். மேல்காது முழுக்கச் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் உயிர் போகிற வலி. ஆனால் சோணை மட்டும் எப்போதும்போல இருக்கும். சோணையில் குருத்து இல்லாததால் நோய் அங்கே இறங்குவதில்லை. இப்படிப் பார்த்தால், குருத்தின் உறையே பழுத்திருக்கிறது என்று பொருள். இதற்கு வீட்டில் மருந்து கிடையாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

★ எல்லாச் சிவப்பும் பழுத்ததற்கு அடையாளமல்ல. குத்திய முதல் சில நாள் கொஞ்சம் சிவப்பு, லேசான வீக்கம், தொட்டால் வலி, தெளிவாகவோ வெளுப்பாகவோ நீர் கசிந்து கம்மலைச் சுற்றிப் பொருக்குக் கட்டுவது எல்லாம் இயல்பு. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரவேண்டும், அதுதான் கணக்கு. குறைந்த வலி மறுபடி கூடினாலோ, விண்விண்ணென்று தெறித்தாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காதின் பின்னாலும் கழுத்திலும் நெறி கட்டினாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ அது பழுத்த புண்.

★ வலி அதிகமில்லை, ஆனால் அரிப்பு தாங்கவில்லை, தோல் செதில் செதிலாக உரிகிறது, நீர் வடிகிறது என்றால் அது கிருமியாகவே இல்லாமல் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கவரிங் கம்மலில் நிக்கல் கலந்திருப்பது சகஜம். வெள்ளைத் தங்கத்திலும் சில வகைகளில் உண்டு. 916 முத்திரையுள்ள 22 காரட் தங்கத்தில் 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். புதுப் புண்ணுக்கு உடம்புக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம் நல்லது.

★ புண்ணைக் கழுவ மிகச் சிறந்தது, மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன். நூறு மில்லிலிட்டரில் 0.9 கிராம் உப்பு, அதாவது ஒரு லிட்டருக்கு 9 கிராம். நம் உடம்பு நீரின் உவர்ப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதனால் எரியாது. கடை பூட்டிய இரவில் வீட்டில் தயாரிக்க வேண்டியிருந்தால், கொதித்து ஆறிய தண்ணீர் கால் லிட்டருக்குத் தூளுப்பு கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. கல்லுப்பில் அளவு சரியாக வராது. உப்பு கூடக்கூட நல்லது என்று நினைத்து அள்ளிப் போட்டால் புண் வறண்டு வெடிக்கும். திறந்த சலைன் பாட்டிலை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரெகான் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

★ கழுவும் முறை இதுதான். முதலில் முடியை வாரிக் கட்டிக்கொண்டு, சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள், நகக் கண்ணும் சேர்த்து. சுத்தமான காஸ் துணியைச் சலைனில் நனைத்து, கம்மலின் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வையுங்கள். பொருக்கு ஊறி இளகும். தானாக வருவதைத் துடைத்தெடுங்கள், வராததை நகத்தால் கிள்ளாதீர்கள். காதின் பின்பக்கத்தை நாம் பார்க்க முடியாது. அங்கேதான் அழுக்கு தங்கும், அதனால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு காஸ் துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை கம்மலில் சுற்றிக்கொள்ளும். குளியல் துண்டும் வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். பத்து முறை கழுவினால் புண் ஆற நேரமே கிடைக்காது.

★ லேசான வீக்கத்துக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் இதமாக இருக்கும். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் வையுங்கள். அழுத்திப் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் சீழ் வெளியே வருவதைவிட உறைக்கும் குருத்துக்கும் நடுவில் பரவும் வாய்ப்புதான் அதிகம்.

★ டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் வேண்டாம். பெராக்சைடில் நுரை வருவதைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று மகிழ்கிறோம். அங்கே புதிதாக முளைக்கும் தோல் அணுவும் சேர்ந்தே சாகிறது. ஆயின்மென்ட்டைக் கட்டியாக அப்பினால் துளையின் வாய் அடைபட்டு, வடியவேண்டியது உள்ளே தங்கும். பவுடரும் அப்படித்தான், கசிவோடு கலந்து கட்டியாகிவிடும்.

★ மஞ்சள்? இதை எழுதும்போது என் அக்கா மகளின் முகம் நினைவுக்கு வருகிறது. மேல்காதில் குத்தி மூன்றாவது வாரம் வீங்கியது. அக்கா பாசமாக மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பற்றுப் போட்டாள். நான்கு நாள் போட்டாள். ஐந்தாம் நாள் பார்த்தபோது மஞ்சள் பொருக்குக்குக் கீழே காது பழுத்த தக்காளி மாதிரி இருந்தது. மஞ்சள் நிறத்தில் சிவப்பும் தெரியவில்லை, சீழும் தெரியவில்லை. கீறி, ஊசி போட்டு, காதைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் விளிம்பில் ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது. மஞ்சளின் குணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அஞ்சறைப் பெட்டி மஞ்சள் கிருமி நீக்கப்பட்டதல்ல. அது குருத்துக்குள் இறங்குவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கவேண்டியதை மறைத்துவிடுகிறது.

★ பழுத்துவிட்டதே என்று பதறிக் கம்மலைக் கழற்றாதீர்கள். பலரும் செய்கிற முதல் தவறு அது. கம்மல் இருக்கும்வரை சீழ் வடிய ஒரு வழி இருக்கிறது. எடுத்ததும் துளையின் இரு வாயும் மூடிக்கொண்டு சீழ் உள்ளே அடைபடலாம். கழற்றத்தான் வேண்டுமா, எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். விதிவிலக்கு ஒன்று: வீக்கத்தில் கம்மலோ திருகாணியோ சதைக்குள் புதைந்துபோனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய் எடுக்கவேண்டும்.

★ “தினமும் கம்மலைத் திருப்பி விடு, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்” என்ற அறிவுரையை இப்போது கைவிட்டுவிட்டார்கள். துளைக்குள் தோல் இரு வாயிலிருந்தும் உள்நோக்கி வளர்ந்து நடுவில் சேரவேண்டும். திருப்பும்போதெல்லாம் அந்த இளந்தோல் கிழிகிறது. வெளியே பார்க்க ஆறினதுபோல இருந்தும் உள்ளே பச்சைப் புண்ணாகவே கிடப்பது இதனால்தான்.

★ நம் ஊர்க் கம்மல்களில் திருகாணிதான் வழக்கம். தொலைந்துவிடுமே என்ற பயத்தில் இறுக்கி முடுக்குகிறோம். குத்திய முதல் வாரங்களில் காது வீங்கும். வீங்க இடம் வேண்டும். திருகாணிக்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரியவேண்டும். அதனால் முதல் கம்மல் நீளமான தண்டு உள்ளதாக இருக்கட்டும்.

★ கன் ஷாட்டா, ஊசியா? காது குத்தும் துப்பாக்கி குருத்தை நொறுக்கிவிடும் என்ற பேச்சு உண்டு. 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இறந்தவர்களின் காதுகளில் குத்தி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சேதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும் என் ஓட்டு ஊசிக்கே. பிளாஸ்டிக் துப்பாக்கியை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தத்தோடு கூடிய 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது, உருகிவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியை உறை பிரிப்பதை நாமே கண்ணால் பார்க்கலாம். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். மஞ்சள் காமாலையின் பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடிய வழி, கிருமி நீக்காத கருவி.

★ காது குத்துவதைப் பற்றிப் பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையில் தனி அத்தியாயமே இருக்கிறது. குழந்தையின் காதை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒளி ஊடுருவித் தெரியும் இயற்கையான இடத்தில் குத்தவேண்டும் என்கிறது அது. தவறான இடத்தில் குத்தினால் காய்ச்சலும் வீக்கமும் வலியும் வரும் என்று எச்சரிக்கவும் செய்கிறது. குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி குத்துவதும் சோணையில்தான். குத்தின துளையில் வேப்பங்குச்சி, துடைப்பக் குச்சி, விளக்கெண்ணெய் என்று பாட்டிமார் பார்த்த பக்குவமெல்லாம் அந்த மெத்தென்ற சதைக்குப் பழகி வந்தது. மேல்காதில் கொப்பும் முருகும் அணிந்த பாட்டிகளும் இருந்தார்கள், மறுக்கவில்லை. தாங்கியவர்கள் அணிந்தார்கள். பழுத்துக் காது கோணியவர்களின் கதையை யாரும் பெருமையாகச் சொல்லி வைக்கவில்லை.

★ டி.டி. ஊசி போட்டால் சீழ் வற்றாது. அது ரண ஜன்னியும் தொண்டை அடைப்பான் நோயும் வராமல் தடுப்பதற்கு. இந்தியத் தடுப்பூசி அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறார்கள். போட்டிருக்க வேண்டியது அவசியம், ஆனால் பழுத்த காதுக்கு அது மருந்தல்ல.

★ கம்மலை ஒட்டி ஒரு சின்னச் சதைப் புடைப்பு வந்தால் எல்லோரும் கெலாய்டு என்று பயப்படுகிறார்கள். குத்திய சில வாரங்களில், துளையின் வாயிலேயே, சிவப்பாகக் கசிவோடு வருவது பெரும்பாலும் உரசலால் வரும் புடைப்பு. உரசல் நின்றால் வடியும். கெலாய்டு மாதங்கள் கழித்து, கெட்டியாக, புண்ணின் எல்லையைத் தாண்டி வளரும். நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். அப்பா அம்மாவுக்குக் கெலாய்டு இருந்தால் மேல்காதில் குத்தும் முன் தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

★ உரசல் எங்கிருந்தெல்லாம் வருகிறது பாருங்கள்: ஹெல்மெட், முகக்கவசத்தின் கயிறு, ஹெட்போன், துப்பட்டா, சீப்பு, தலையணை. ஹெல்மெட்டை விட முடியாது, உயிர் முக்கியம். மாட்டும்போதும் கழற்றும்போதும் இரு பக்கமும் விரித்துப் பிடியுங்கள். தூங்கும்போது மற்றக் காதுப் பக்கம் படுங்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். போனை மற்றக் காதில் வையுங்கள்.

★ ஆறும்வரை நீச்சல் குளம், ஆறு, கிணறு, கடல் எதுவும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் தேய்ப்பதும் சாயம் பூசுவதும் காதைத் தொடாமல் நடக்கட்டும்.

★ சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், இதய வால்வுக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் ஒரு நாள்கூடப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். முதல் வீக்கத்திலேயே மருத்துவரிடம் போகவேண்டும்.

★ மருத்துவர் சீழைக் கொஞ்சம் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திராமல் சூடோமோனாஸை அடிக்கும் மருந்தைத் தொடங்குவார். இரண்டாம் நாளே வலி விட்டாலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாள்வரை சாப்பிட்டு முடியுங்கள்.

★ மேல்காதுக்கு வீட்டுப் பக்குவம் என்பது ஒரே ஒரு நாள் கணக்கு. குத்திய முதல் சில நாள் கழிந்தபின் லேசான சிவப்பும் வீக்கமும் மட்டும் வந்தால் சலைன், ஒத்தடம், காதைத் தொடாமல் ஒரு ராத்திரி. மறுநாள் காலையிலும் குறையவில்லை என்றால், அல்லது சீழோ காய்ச்சலோ எப்போது தலைகாட்டினாலும், அடுத்த கைவைத்தியத்தைத் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். அம்மா அப்பா திட்டுவார்கள் என்று பயந்து முடியை இறக்கிவிட்டுக் காதை மறைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்களிடம்தான் கேட்கிறேன்: இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். பெற்றவர்களே, திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு காலையில் இயங்கும். கம்மலைக் கழற்றாமல், காதில் எதையும் பூசாமல், அப்படியே அழைத்துக்கொண்டு போங்கள்.